மனநல மருத்துவர் வருவது பகல் 11 மணிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைகளில் காலியாகக் கிடக்கும் மனநல ஆலோசகர் பணியிடங்களை உடனே நிரப்ப வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளராவது வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேட்டின் கணக்கு. 2025-இல் வெளியான இந்திய நீதி அறிக்கையைப் பார்த்தால், நாடு முழுக்கச் சிறைகளில் இருக்கும் உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் 25 பேர்தான். ஒரே வேனில் ஏற்றிவிடலாம். உள்ளே இருப்பவர்களோ 2022 கணக்குப்படி 5,73,220 பேர்.

ஆனால் ஆளைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எந்த நேரத்தில், எந்த வாசலில் போடுகிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தென்மாவட்ட மத்திய சிறை ஒன்றின் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுகாதாரத் துறையிலிருந்து அயல்பணியில் போனவன், அப்படியே அங்கேயே தங்கிவிட்டேன். கைதிகளுக்கு நான் ‘கம்பவுண்டர் சார்’. டாக்டரிடம் சொல்லாததைக் கம்பவுண்டரிடம் சொல்வார்கள். மாத்திரை வாங்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை என் ஜன்னலுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

மனநல மருத்துவர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து வாரம் ஒரு முறை வருவார். நல்ல மனுஷர். 11 மணிக்கு வந்தால் ஒரு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். அங்கே அவருடைய புறநோயாளிகள் காத்திருப்பார்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வராண்டா நிறைய ஆட்களைப் பார்க்க வேண்டும். “தூக்கம் வருதா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா? சத்தம் கேக்குதா?” அவ்வளவுதான் கேட்க முடியும். அதற்கே அவருக்கு நேரம் போதாது. பகல் 11 மணிக்குச் சிறை ஓரளவு நிதானமாகத்தான் இருக்கும். வெயிலில் நடமாட்டம், சாப்பாட்டு மணி, மனு பார்க்க, அதாவது நம்மைச் சந்தித்துப் பேச, வீட்டிலிருந்து யாராவது வருவார்களா என்ற எதிர்பார்ப்பு. மனசு உடைவது அந்த நேரத்தில் இல்லை.

முதலில் உள்ளே வருகிற நேரத்தைச் சொல்கிறேன். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்து, போலீசார் கூட்டிவந்து சேர்க்கும்போது பெரும்பாலும் பொழுது சாய்ந்திருக்கும். சோதனை, அங்க அடையாளம், உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை. உடம்பில் காயம் இருந்தால் ஒவ்வொன்றையும் அளந்து எழுதுவோம். பின்னால் கோர்ட்டில் கேள்வி வரும். மனநிலைக்கு ஒரு கட்டம் உண்டு, அதில் ‘இயல்பு’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அன்று காலைவரை வீட்டில் இருந்தவன், இரவு ஊர் பேர் தெரியாத ஐம்பது பேருக்கு நடுவில் படுக்கப் போகிறான். அவன் மனநிலை எப்படி இயல்பாக இருக்கும்?

ஒரு தாயை இங்கே சொல்ல வேண்டும். மகனை ஏதோ அடிதடி வழக்கில் உள்ளே போட்டிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே அந்தம்மா மஞ்சள் பையோடு கேட்டில் வந்து நின்றது. பைக்குள் அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள். மகனுக்குப் பல வருஷமாக மனநோய், மாத்திரையில்தான் ஓடுகிறது. வெளி மருந்தை உள்ளே விட முடியாது என்று கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். விதி அப்படித்தான், அந்த வார்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சீட்டையாவது வாங்கி மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கலாம். அதற்கு விதியில் வழியும் இல்லை, தடையும் இல்லை. சீட்டு வக்கீல் கைக்குப் போய், அவர் மனு எழுதி, அது சுற்றி என் ஜன்னலுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, பக்கத்தில் படுத்திருந்தவனை அடித்து, அதற்குத் தண்டனையாகத் தனி செல்லுக்குப் போய்விட்டான். அவன் சாப்பிட வேண்டிய மாத்திரை என் அலமாரியில் அன்றும் இருந்தது, முந்தின வாரமும் இருந்தது.

அடுத்தது குடி. நம் ஊரில் இதைச் சொல்லாமல் சிறையைப் பற்றிப் பேசவே முடியாது. தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று போட்டுக்கொண்டிருந்தவனைப் பிடித்து உள்ளே போட்டால், முதல் நாள் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தியே தடுமாறும். தரையில் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருப்பான், இல்லாத ஆளோடு பேசுவான், கதவைப் போட்டு இடிப்பான். பிளாக்கில் இருப்பவர்களுக்கு அது நடிப்பு, இல்லையென்றால் பேய். உண்மையில் அது உயிர்போகிற நிலைமை. முதல் நாளே குடிப்பழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, லிப்ரியம் மாத்திரையும் தயமின் வைட்டமினும் கொடுத்து, லிப்ரியத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் தடுத்துவிடலாம். “கடைசியா எப்போ குடிச்சே, எவ்வளவு?” என்று சேர்க்கும்போது கேட்பதற்கு ஒரு நிமிஷம் போதும். போலீசார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் “குடிப்பழக்கமே இல்ல சார்” என்பான். அவர்கள் போனபிறகு கேட்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை.

பெங்களூரு மத்திய சிறையில், அந்த ஊரிலேயே உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011-இல் அறிக்கை வெளியிட்டார்கள். மனநோயோ போதைப் பழக்கமோ இரண்டில் ஒன்று உள்ளவர்கள் 79.6 சதவீதம். போதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய். நம் சிறைகளில் இதைவிட ரொம்பக் குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இனி இரவு. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் லாக்கப், அதாவது எல்லோரையும் உள்ளே அடைத்துப் பூட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்து முடித்தாக வேண்டும் என்பதால், ‘இரவு படுக்கும்போது’ என்று டாக்டர் எழுதிய மாத்திரையை நான் ஐந்து மணிக்கே கொடுப்பேன். என் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று பார்ப்பேன். ஏனென்றால், நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போனால் அது பிளாக்கில் பீடிக்குக் கைமாறும். சில மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்தே கொடுத்தோம். சரி, ஐந்து மணிக்கு விழுங்கியவன் ஏழு ஏழரைக்குத் தூங்கிவிடுவான். இரண்டு, மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். கதவு திறக்க விடியவேண்டும். பக்கத்தில் எல்லோரும் தூங்குகிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அவன் வழக்கை நினைப்பான், வீட்டை நினைப்பான், செத்துப்போவதைப் பற்றியும் நினைப்பான். அந்த நேரத்தில் சிறையில் மனநலத்துக்கென்று ஒருத்தரும் இருப்பதில்லை. இருப்பது இரவுப் பணி வார்டரும், கைதிகளிலிருந்தே நியமித்த நைட் வாட்ச்மேனும்தான்.

எல்லா இரவும் ஒன்றுபோல் இல்லை. ஜாமீன் தள்ளுபடியான அன்று இரவு, தீர்ப்பு வந்த அன்று இரவு, வீட்டில் சாவு என்று தகவல் வந்த இரவு, மனைவி மனு பார்க்க வருவதை நிறுத்திய மாசம், அப்புறம் புதிதாக வந்த முதல் இரண்டு வாரம். அனுபவப்பட்ட எந்த வார்டரைக் கேட்டாலும் இந்தப் பட்டியலைச் சொல்வார். கோர்ட்டிலிருந்து வண்டி திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே சொல்கிறவர்கள் உண்டு. 2022-இல் இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் 159 பேர். அதில் 119 பேர் தற்கொலை. அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, “இன்றைக்கு இவர்களைக் கவனி” என்று இரவுப் பணிக்குக் கைமாற்றிக் கொடுக்க ஒரு பதிவேடு இருந்தால் எத்தனையைத் தடுத்திருக்கலாம்? 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சிறை மரணங்கள் பற்றிய வழக்கில், கைதிகளுக்கு, அதிலும் குறிப்பாக முதல் முறை உள்ளே வருபவர்களுக்கு, ஆலோசகர்களை நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ‘முதல் முறை’ என்று கோர்ட் சொன்னது சும்மா இல்லை.

நாங்கள் இருந்த சிறையில் ஒரு ஆயுள் கைதி இருந்தார். வயசானவர், நெசவுக் கூடத்தில் வேலை. புதிதாக வருகிறவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், இவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவார். புத்திமதி எதுவும் சொல்ல மாட்டார். “எந்த ஊரு? பஸ் எத்தனை மணிக்கு உங்க ஊருக்கு?” என்று ஆரம்பிப்பார். அழுதால் அழ விடுவார். அரை மணி கழித்து அவனே சோற்றைப் பிசைய ஆரம்பிப்பான். ராத்திரியில் யாராவது கலவரப்பட்டால் வார்டர்களே இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை, சம்பளம் இல்லை, தண்டனைக் கழிவும் இல்லை. பிரிட்டனில் 1991-இல் ஸ்வான்சீ சிறையில், தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் இதையே முறையாகச் செய்தது. கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்து, இரவு பகல் எந்நேரமும் சக கைதி பேசுவதைக் கேட்பவர்களாக அமர்த்தினார்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பிறகு அது அந்த நாட்டுச் சிறைகளில் பரவலாகிவிட்டது. நம்மிடம் நைட் வாட்ச்மேன் என்ற ஏற்பாடு ஏற்கெனவே விதிகளில் இருக்கிறது. அவர்களில் பொறுமையான சிலரைப் பொறுக்கி ஒரு வாரம் பயிற்சி கொடுக்க எந்த மருத்துவக் கல்லூரி மனநலத் துறையும் மறுக்காது.

வெளியே இருப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். சிறைத் தொலைபேசியிலோ, சரிபார்த்துப் பதிவு செய்த வீட்டு எண்களுக்குத்தான் பேச விடுகிறார்கள். அந்த ஒரு எண்ணை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டு, கைதியின் மாதாந்தர அழைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

ஆலோசகர் எந்த இடத்தில் உட்காருகிறார் என்பதும் முக்கியம். நான் பார்த்தவரை, அலுவலக வராண்டாவில் ஒரு மேஜை போட்டுக் கொடுப்பார்கள். பாதுகாப்புக்கென்று ஒரு வார்டர் பக்கத்திலேயே நிற்பார். கைதி என்ன பேசுவான்? “நல்லா இருக்கேன் மேடம்” என்பான். அதற்கு மேல் ஒரு சந்தேகமும் அவனுக்கு உண்டு: இந்தம்மா எழுதுவது என் ஃபைலுக்குப் போகுமா, பரோல் கேட்கும்போது இதைக் காட்டி மறுப்பார்களா? இந்தச் சந்தேகம் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே ஆளிடம் ஆறுதலும் சொல்லச் சொல்லி, நன்னடத்தை பற்றி அறிக்கையும் கேட்டால் அப்படித்தான் ஆகும். உளவியலாளர்கள் சுகாதாரத் துறையின் கீழ் இருக்கட்டும். டாக்டரும் நானும் அப்படித்தானே போனோம்? வார்டர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கட்டும், காதுக்கு எட்டுகிற தூரத்தில் வேண்டாம்.

வார்டர்களைப் பற்றியும் ஒரு வரி. ஆள் பற்றாக்குறையில் இரவும் பகலும் மாறி மாறிப் பணி பார்த்து, பிள்ளைகளின் பள்ளி விழாவுக்குக்கூடப் போக முடியாத அவர்களுக்கும் பேச ஆள் கிடையாது. என் ஜன்னலுக்குத் தூக்க மாத்திரை கேட்டு வந்தவர்கள் எல்லோரும் கைதிகள் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு முழுக்க மனநோய் உள்ள கைதிகளைப் பற்றியதுதான். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவு, சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பி, அதில் ‘இந்தச் சிறையில் மனநோய் உள்ள கைதிகள் யாரும் இல்லை’ என்று சான்றளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யாரும் இல்லை என்றுதான் எழுதித் தர வேண்டுமாம்! நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு நோய் இருக்கும் இடத்தில் எந்த டாக்டர் மனசாட்சியோடு கையெழுத்துப் போடுவார்? எத்தனை பேர், என்ன நோய், யாருக்கு எங்கே சிகிச்சை என்று எழுத வைத்திருக்க வேண்டிய இடம் அது. சட்டம் மாறும்வரை, அந்த விவரத்தை ஒரு இணைப்பாகச் சேர்த்து அனுப்புங்கள் என்று வாரியமே கேட்கலாம்.

அந்தச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்காதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை. மதிலுக்கு உள்ளே அது ஒழுங்கீனம் ஆகிவிடுகிறது. ‘பாதுகாப்புக்காக’ என்று தனி செல்லில் அடைத்துவிடுவார்கள். ஏற்கெனவே தனியாகிப் போனவனை இன்னும் தனியாக்குவது என்ன பாதுகாப்பு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நோய் முற்றினால் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. தென்கோடியிலிருந்து அங்கே அனுப்ப வேண்டுமென்றால் வழிக்காவல் வேண்டும். ஆயுதப்படையில் ஆள் இல்லை, விஐபி பந்தோபஸ்து, தேர்த் திருவிழா என்று தேதி தள்ளிப்போகும். ஒருவழியாகப் போய், அங்கே இரண்டு மூன்று மாதத்தில் நன்றாகத் தேறி, கையில் சீட்டோடு திரும்பி வருவான். இங்கே அந்தச் சீட்டில் எழுதிய மருந்து இருப்பில் இருக்காது. வேறு ஒன்றை மாற்றிக் கொடுப்போம். ஆறு மாதத்தில் மறுபடி கீழ்ப்பாக்கம். இதற்கிடையில் வழக்கு அப்படியே நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலை இல்லை என்று ஒத்திவைத்துக்கொண்டே போவார்கள். அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951-இல் பிடித்தார்கள். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குணமாகிவிட்டார் என்று 1967-இலேயே சான்று கொடுத்தும், விசாரணையே நடக்காமல் 2005 வரை உள்ளேயே இருந்தார். 54 வருஷம். வெளியே விட்டபோது கேட்ட சொந்த ஜாமீன் ஒரு ரூபாய். அது அஸ்ஸாம், அந்தக் காலம் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் மனநல சிகிச்சை என்று நான் சொல்லும்போது வாய்தா தேதியையும் சேர்த்தே சொல்கிறேன். வழக்கு நகராமல் மாத்திரை மட்டும் கொடுத்து ஒருவனைத் தேற்றிவிட முடியாது.

பெண்கள் சிறை பற்றி நேரடியாக எனக்கு அதிகம் தெரியாது. அங்கே வேலை பார்த்த செவிலியர்கள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: ஆண்களுக்குத் தாயோ மனைவியோ மனு பார்க்க வந்துவிடுவார்கள், பெண்களுக்கு யாரும் வருவதில்லை. ஆறு வயது வரை குழந்தையை உடன் வைத்துக்கொள்ளலாம். ஆறு முடிந்து குழந்தையைப் பிரித்து வெளியே அனுப்புகிற வாரம் தாய்க்கு எப்படி இருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. மேலே சொன்ன பதிவேட்டில் அந்த வாரமும் இருக்க வேண்டும்.

கடைசியாக, வெளியே போகிற வாசல். ஜாமீன் உத்தரவு வந்து சேர்வதும் சாயங்காலம்தான். பேரைக் கூப்பிட்டதும் போட்டது போட்டபடி ஓடுவான், யார்தான் ஓடமாட்டார்கள்? அந்த நேரத்தில் என் ஜன்னல் மூடியிருக்கும். கையில் மாத்திரை இல்லை, சீட்டும் இல்லை. அவனுடைய மருத்துவக் குறிப்பு உள்ளேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்று மனநல மருத்துவர்களைக் கேளுங்கள். தூக்கம் போகும், பழைய சந்தேகங்கள் திரும்பும், டாஸ்மாக் வழியில்தான் இருக்கிறது. மறுபடி அடிதடி, மறுபடி ரிமாண்ட். சிலரை அப்படித் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். கேட்டில் இருக்கும் அலமாரியில், மனநல மருந்து சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் 15 நாள் மாத்திரையும், சொந்த மாவட்டத்து அரசுத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதமும் கவரில் போட்டு, பேர் எழுதித் தயாராக வைத்திருக்கலாம். செல்போனும் பணப்பையும் திருப்பித் தரும்போது அதையும் சேர்த்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மறுநாள் ஒரு போன். 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. ஊர் ஊராகப் போகிற அந்தப் பணியாளரிடமே இந்தப் பேரையும் கொடுத்தால், மாத்திரை வாங்கினானா என்று எட்டிப் பார்த்துவிடுவார். சிறையிலிருந்து வந்தவன் என்று அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

சேர்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள், கேட்டில் சீட்டு வாங்கும் ஏற்பாடு, இரவுப் பதிவேடு, 14416, வெளியே போகும்போது தரும் கவர் — இவற்றுக்கெல்லாம் அரசாணைகூட வேண்டியதில்லை. துறைத் தலைவரின் சுற்றறிக்கை ஒன்று போதும் என்று நினைக்கிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்கள் சிறை ஆய்வுக்கு வருகிறார்கள்; சமையல் கூடத்தில் சாம்பாரை ருசி பார்த்துவிட்டுப் போகாமல், அந்தப் பதிவேட்டையும் எடுத்துவரச் சொல்லிப் பார்க்கட்டும். பணியிடங்களை நிரப்பக் கேட்ட அந்த வாசகருக்கு என் நன்றி. நிரப்பும்போது, ஒருவரையாவது மாலை நான்கு மணிப் பணிக்குப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறை மருத்துவமனை மருந்தாளுநர்,
விருதுநகர் மாவட்டம்.
(என் பெயரை வெளியிட வேண்டாம்.)